லேபிள் மாறிப்போன ரெண்டு பேர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஸ்டோர் ரூம் பாத்தவங்களுக்குத் தெரியும். பெட்டி மேல லேபிள் தப்பா ஒட்டிட்டா, உள்ள என்ன இருக்குன்னு அப்புறம் எவனும் பிரிச்சுப் பாக்க மாட்டான். இந்தப் பதிவு அப்படி மாட்டிக்கிட்ட ஒரு வௌவாலையும் ஒரு செடியையும் பத்தி.

1948-ல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போன அதை, நம்ம ஊர்ல சர்வசாதாரணமா திரியற குறுமூக்கு வௌவால்னு எழுதி உள்ள வெச்சுட்டாங்க. 24 வருஷம்! தாய்லாந்துக்காரர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்து உத்துப் பாத்தார். குறுமூக்குக்குச் சின்னதா வால் உண்டு, இதுக்கு இல்ல. மேல் வெட்டுப்பல் ரெண்டு ஜோடி இருக்கணும், ஒரு ஜோடிதான். 1972-ல் இது புது இனம் மட்டுமில்ல, புதுப் பேரினமே என்று அறிவித்து, சாலிம் அலியைக் கௌரவிக்கும் விதமாக லாட்டிடென்ஸ் சலிமாலி எனப் பெயரிட்டார். 1993-ல் மேகமலையில் மறுபடி கிடைக்கும்வரை உலகத்துக்கு ஆதாரம் அந்த ஒத்தை உடல்தான்.

பேர்ல என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு. அதே 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காக்காவோட ஐந்தாம் அட்டவணையில் போட்டது. அதாவது, யார் வேணும்னாலும் கொல்லலாம். சாலிம் அலி வௌவால் பின்னாடி முதல் அட்டவணைக்குப் போனது, புலி இருக்கிற பட்டியல். பழைய லேபிளோட இருந்திருந்தா? ஐந்தாம் அட்டவணையே 2022 திருத்தத்தில்தான் ஒழிந்தது.

இப்ப செடி. லிவர்வொர்ட், ப்ளஸ் ஒன்ல படிச்ச ரிக்சியா, மார்க்கான்ஷியா வகையறா. 1832-ல் மதராசுக்கு அசிஸ்டென்ட் சர்ஜனா வந்த வில்லியம் கிரிஃபித் அஸ்ஸாமில் பார்த்தது. அவர் 34 வயசுல மலாக்காவில் இறந்தப்புறம், 1849-ல் அச்சான குறிப்புகளில் மோனோசோலெனியம் டெனெரம் என்று வந்தது. காட்டில் ரொம்ப அரிது. ஆனா 2000-களின் ஆரம்பத்தில் இதே செடி ஐரோப்பாவின் மீன்தொட்டிகளில் பெல்லியாங்கிற பேர்ல அமோகமா வித்தது! 2003-ல்தான் கிராட்ஸ்டைன் குழு ஆள் யாருன்னு கண்டுபிடிச்சாங்க.

வௌவாலுக்கு ஒரே உடல் இருந்தது, பேர் இல்ல. இதுக்குப் பேர் 150 வருஷமா ரெடி, தொட்டி தொட்டியா செடியும் இருந்தது, ரெண்டையும் சேர்க்கத்தான் ஆள் இல்ல. தொட்டிக்காரங்க பலர் வாயில் இன்னும் அது பெல்லியாதான் :-)