ஆலிஸ் ஈஸ்ட்வுட்

ஆலிஸ் ஈஸ்ட்வுட் (19 ஜனவரி 1859 – 30 அக்டோபர் 1953), மேற்கு அமெரிக்காவின் மலைகளிலும் பாலைகளிலும் அலைந்து செடிகொடிகளைத் திரட்டிய தாவரவியலாளர். சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா அறிவியல் கழகத்தில் அரை நூற்றாண்டுக் காலம் தாவரவியல் காப்பாட்சியராக இருந்தார். கல்லூரியில் படித்ததில்லை. 1906-ம் ஆண்டின் நிலநடுக்கத்தில் அருங்காட்சியகம் எரிவதற்குள் 1,497 தாவர மாதிரிகளை மீட்டவர் என்பதே அவரைப் பற்றி அதிகம் சொல்லப்படும் செய்தி. அந்தத் துணிச்சலுக்குப் பலன் கிடைக்கச் செய்தது, அதற்கு முன்பே அவர் அலமாரிகளில் செய்துவைத்திருந்த ஒரு மாற்றம். அதைப் பலரும் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

கனடாவின் டொரன்டோவில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். அவரும் உடன்பிறந்தவர்களும் உறவினர் வீடுகளிலும் கன்னிமாடத்திலுமாக வளர்ந்தார்கள். தோட்டப் பித்துக் கொண்ட உறவினர் ஒருவர்தான் செடிகளின் லத்தீன் பெயர்களை முதலில் சொல்லிக்கொடுத்தார். 14 வயதில் தந்தையிருந்த டென்வருக்கு வந்தார். படித்துக்கொண்டே வேலையும் பார்த்து, 1879-ல் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார். அதே ஊரில் சுமார் பத்தாண்டுகள் ஆசிரியையாக இருந்தார். கோடை விடுமுறை வந்தால் ராக்கி மலைதான். கொலராடோ தாவரங்கள் பற்றிய கையேடு ஒன்றும், தாவரவியலாளர் ஆசா கிரேயின் கையேடும் அவருக்கு ஆசான்களாயின.

1887-ல், டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் டென்வருக்கு வந்தார். மலைப்பூக்களைக் காட்ட உள்ளூரில் யார் உண்டு என்று கேட்டபோது இந்தப் பள்ளி ஆசிரியையைத்தான் கைகாட்டினார்கள். 14,000 அடிக்கு மேல் உயர்ந்த கிரேஸ் சிகரத்துக்கு இருவரும் சேர்ந்து போனார்கள்.

கலிபோர்னியா அறிவியல் கழகம் 1853-ல் தொடங்கிய ஆண்டிலேயே, எல்லாத் துறைகளிலும் பெண்களின் உதவியை வரவேற்பதாகத் தீர்மானம் போட்ட நிறுவனம். அந்நாளில் இது சாதாரண விஷயமில்லை. அங்கே காப்பாட்சியராக இருந்த கேதரின் பிராண்டிஜி, ஈஸ்ட்வுட்டின் திறமையைக் கண்டுகொண்டு 1892-ல் வேலைக்கு அழைத்தார். அவருக்குச் சம்பளம் கொடுக்கத் தம்முடைய மாதச் சம்பளம் 75 டாலரையே விட்டுக்கொடுத்தார். 1894-ல் பிராண்டிஜி தம்பதி சான் டியாகோவுக்குக் குடிபெயர, துறை முழுவதும் ஈஸ்ட்வுட் கைக்கு வந்தது.

பெண்கள் குதிரையில் ஒருபக்கமாக உட்காரவேண்டும் என்ற காலம். முரட்டு டெனிம் துணியில் பித்தான் வைத்த பாவாடையைத் தாமே தைத்துக்கொண்டு, ஆண்களைப் போல இருபுறமும் கால் போட்டுச் சவாரி செய்தார். தெற்கு யூட்டாவின் வறண்ட பள்ளத்தாக்குகளுக்கு வழிகாட்டியுடன் குதிரையில் போனார். சான் வாகீன் பள்ளத்தாக்கில் அவர் கண்டெடுத்த மஞ்சள் பூப் புதருக்கு ‘ஈஸ்ட்வுடியா’ என்று பேரினப் பெயர் சூட்டப்பட்டது. பின்னாளில் ‘அலிசியெல்லா’ என்ற இன்னொரு பேரினமும் அவர் பெயரைத் தாங்கியது.

அந்த அலமாரி மாற்றத்துக்கு வருவோம். புதிதாக ஒரு தாவர இனத்தை விவரித்துப் பெயர் வைப்பவர், எந்தச் செடியைப் பார்த்து எழுதினாரோ அதன் உலர்ந்த மாதிரி அருங்காட்சியகத்தில் காகிதத்தாளில் ஒட்டிக் காக்கப்படும். அதற்கு வகைமாதிரி என்று பெயர். பின்னால் பெயர்ச் சண்டை எழுந்தால் அந்த ஒற்றைத் தாள்தான் சாட்சி. அது தொலைந்தால் அதே இடத்தில் அதே செடியை மறுபடி பறித்தாலும் ஈடாகாது. வகைமாதிரிகளை மற்றவற்றோடு கலந்து இனவாரியாக அடுக்குவதே அன்றைய வழக்கம். ஈஸ்ட்வுட் அவற்றைப் பிரித்தெடுத்துத் தனியிடத்தில் வைத்தார். மற்ற தாவரவியலாளர்களின் வழக்கத்துக்கு மாறாகத்தான் இதைச் செய்தார்.

1906 ஏப்ரல் 18, அதிகாலை 5:12-க்கு நிலம் நடுங்கியது. மார்க்கெட் தெருவிலிருந்த கழகக் கட்டடத்தை ஈஸ்ட்வுட் வந்து பார்த்தபோது பளிங்குப் படிக்கட்டு நொறுங்கிக் கிடந்தது. தீ பக்கத்துக் கட்டடங்களை நெருங்கிக்கொண்டிருந்தது. உலர்தாவரங்கள் இருந்ததோ ஆறாவது மாடி. அவரும் ராபர்ட் போர்ட்டர் என்ற நண்பரும் இரும்புக் கைப்பிடிச் சட்டத்தின் கம்பிகளுக்கிடையே கால் வைத்து ஏறினார்கள். வகைமாதிரிகள் ஒரே இடத்தில் இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டுக்கட்டாகக் கட்டி, கயிற்றில் மாடியிலிருந்து கீழே இறக்கினார்கள். தீ முன்னேற முன்னேற, மீட்ட கட்டுகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

தம் உடைமைகளில் தீக்குத் தப்பியது ஒரு லென்ஸ் மட்டுமே என்று பிறகு எழுதினார். அது இல்லாமல் தமக்கு ஓடாது என்பது அவர் எண்ணம். படங்களும் புத்தகங்களும் போனதற்குப் பெரிதாக வருத்தப்படவில்லை. கலந்தடுக்கிய பழைய முறையே தொடர்ந்திருந்தால், அந்தச் சில மணி நேரத்தில் பெரும் தொகுப்பிலிருந்து வகைமாதிரிகளைப் பொறுக்கியெடுப்பது எவராலும் ஆகியிருக்காது.

அடுத்த ஆறு ஆண்டுகள் கழகத்தில் அவருக்குப் பணியில்லை. ஹார்வர்டின் கிரே உலர்தாவரத் தொகுப்பு, நியூயார்க், லண்டன், கியூ என்று தொகுப்பு தொகுப்பாகப் போய்த் தாள்களைப் புரட்டினார். 1912-ல் கழகம் திரும்ப அழைத்தது. கோல்டன் கேட் பூங்காவில் புதிய இல்லம் எழும்பியது. காலாபகஸ் தீவுகளுக்குப் போயிருந்த கழகத்தின் கப்பல், நிலநடுக்கம் நடந்து சில மாதங்களுக்குப் பின் தாவரங்களோடு திரும்பியிருந்தது. புதுத்தொகுப்புக்கு அது ஒரு தொடக்கம். மீதியைத் தாமே கூட்டினார். 1914-ல் யூகான் பகுதிக்கும் போய்ச் சேகரித்தார். 1940-களில் தொகுப்பு 3 லட்சத்தைத் தாண்டியது. எரிந்துபோனதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

1932-ல் ஜான் தாமஸ் ஹவெலுடன் சேர்ந்து ‘லீஃப்லெட்ஸ் ஆஃப் வெஸ்டர்ன் பாட்டனி’ என்ற இதழைத் தொடங்கினார். மொத்தத்தில் 300-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியிருக்கிறார். வீட்டுத் தோட்டக்காரர்களையும் அவர் ஒதுக்கவில்லை. அமெரிக்க ஃபூஷியா சங்கம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. டமல்பாயஸ் மலையில் நடைப்பயணக் குழுக்களோடு வாரந்தோறும் ஏறி இறங்கியவர் என்பதால், அங்கே ஒரு முகாமிடத்துக்கே அவர் பெயர் இருக்கிறது.

1949-ல், 90 வயதில்தான் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு ஸ்வீடனில் நடந்த ஏழாவது பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டுக்குக் கௌரவத் தலைவராக அழைக்கப்பட்டு, அங்கே லினேயஸின் நாற்காலியில் அமர வைக்கப்பட்டார். இருபெயரீட்டு முறைக்கு வழிவகுத்தவரின் இருக்கை அது. 1953 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் காலமானார்.