மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின்கள்

லொறிக்கும் காருக்கும் புகைக்குழாய் செய்யும் தொழிலைப் பற்றி இலக்கியத் திங்களேடொன்றில் எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக் கூடும். எழுத வேண்டும் என்பதே நம் கருத்து. வன்னியின் அண்மைக்கால வரலாற்றைப் படைகளின் நகர்வைக் கொண்டும் தலைவர்களின் பேச்சைக் கொண்டும் எழுதியோர் பலர். அரிசி மூட்டையையும் பிரசவ வேதனையில் துடித்த பெண்ணையும் ஏற்றிச் சென்ற வண்டிகள், எண்ணெயே வராத அந்த நிலத்தில் எவ்வாறு ஓடின என்று விசாரித்தோர் மிகச் சிலரே.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், தருமபுரத்தைக் கடந்ததும் வருவது விசுவமடு. படித்த இளைஞர்களுக்குக் காணி வழங்கிக் குடியேற்றும் திட்டத்தால் வளர்ந்த ஊர் அது. 1970க்குப் பின் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது காட்டை வெட்டிக் கழனியாக்கிய அவ்விளைஞர்களின் கையிலே நாலு காசு புழங்கிற்று. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் அந்த வாழ்வு ஆட்டங்கண்டது. ஆனால் அக்காலம் ஒரு செல்வத்தை விட்டுச் சென்றது. இயந்திரத்தோடு பழகிய கைகள்தாம் அச்செல்வம். நீரை இறைத்துப் பாய்ச்சினாலன்றி மிளகாய்க் கன்று நிற்காது. இறைக்கும் பம்ப் நின்றுவிட்டால், ஆள் வந்து திருத்தட்டும் என்று காத்திருக்கவும் முடியாது.

அந்தப் பம்ப்தான் நம் கதையின் தொடக்கம். 1950கள் முதல் வடபகுதித் தோட்டங்களிற் பரவிய நீரிறைக்கும் இயந்திரங்களிற் பல, பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் வேலை செய்பவை. பெற்றோல் விலை கூடியது; மண்ணெண்ணெய் மலிவானது. ஆகவே சிறிது பெற்றோலால் எஞ்சினைச் சூடாக்கி, பின்பு குழாய்த் திறப்பைத் திருப்பி மண்ணெண்ணெயை விடுவது வழக்கம். இது இங்குக் கண்டுபிடிக்கப்பட்ட தந்திரமன்று. முதல் உலகப் போரின் உணவு நெருக்கடியில், 1917இல், பிரித்தானிய வயல்களுக்கென அமெரிக்காவிலிருந்து வந்த போர்ட்சன் உழவு இயந்திரமும் இந்த முறையிலேயே ஓடிற்று. இரண்டாம் போர்க் காலத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் முதுகிலே கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடியதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். தட்டுப்பாடு வரும்போதெல்லாம் எளிய மனிதன் எஞ்சினுக்குப் புதிய உணவு பழக்கியிருக்கிறான்.

இதில் புகைக்குழாய்க்கு என்ன வேலை? பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 150 பாகை வெப்பத்தில்தான் கொதிக்கத் தொடங்கும். சூடு போதாவிட்டால் துளித்துளியாகவே சிலிண்டருக்குட் புகுந்து, பாதி எரிந்தும் பாதி எரியாமலும் வெண்புகை கக்கி, சுவர் வழியே கீழிறங்கி மசகெண்ணெயையும் நீர்க்கச் செய்துவிடும். அந்தச் சூட்டைக் கொடுக்கக்கூடியது எஞ்சினின் வெளியேறும் புகையே. புகையைச் சேர்த்து வெளியேற்றும் வார்ப்பிரும்புப் பகுதியை நம்மவர் மெனிபோல்ட் என்பர். பழைய ஒஸ்டின் ஏ-40 போன்ற கார்களில், காற்றும் எண்ணெயும் உட்செல்லும் மெனிபோல்டும் புகை வெளியேறும் மெனிபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன. இங்கிலாந்தின் குளிருக்காகச் செய்யப்பட்ட அந்த அமைப்பு, மண்ணெண்ணெய் குடிக்க நேர்ந்த வண்டிக்கு வரப்பிரசாதமாயிற்று.

வசதியுள்ள நாடுகளில் வண்டிப் பிரியர்கள் இந்த வார்ப்பிரும்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வளைத்தொட்டிய உருக்குக் குழாய்களை விலை கொடுத்து வாங்கிப் பூட்டுகிறார்கள். ஒரு சிலிண்டரின் புகை மற்றதன் வழியை மறிக்காமல், குழாய்கள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் ஓடிப் பின்னரே ஒன்றுகூடும். முன்னே சென்ற புகையின் வேகம் பின்னே வருவதை இழுத்துச் செல்வதால் வலு கூடுகிறது. ஒடுங்கி நீண்ட குழாய் மெதுவான ஓட்டத்தில் இழுவையைத் தருமாதலால் பாரமேற்றும் வண்டிக்கு உகந்தது. அகன்று குறுகியது பந்தயக் காருக்கு உகந்தது. நல்ல சாத்திரந்தான். ஆனால் மண்ணெண்ணெய் வண்டியில் அதைப் பூட்டினால் எண்ணெயை ஆவியாக்கும் சூடு காற்றிலே போய்விடும். நல்ல புகைக்குழாய் எது என்ற கேள்விக்கு, எந்த எண்ணெய் கிடைக்கிறது என்று தெரியாமல் விடை சொல்ல இயலாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல், டீசல், பட்டறி, சீமெந்து, இரும்பு, உரம் என்று தடைப்பட்டவை நீண்டன. தோட்டத்துப் பம்பின் வித்தை வீதிக்கு வந்தது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்புவதும், எழுந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறுவதும் அன்றாடக் காட்சியாயின. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். தீப்பொறியின் நேரத்தைப் பிந்தவைத்தால் தட்டல் அடங்கும், வலுவும் குறையும். இவற்றையெல்லாம் காதாற் கேட்டே சரிசெய்தவர்கள் கராஜ் தொழிலாளர்.

டீசல் லொறியின் சங்கடம் வேறு. அதற்கு ஆவியாக்கும் சூடு தேவையில்லை. மண்ணெண்ணெயை அப்படியே எரிக்கும். ஆனால் எண்ணெயைப் பீச்சும் பம்ப், டீசலின் வழவழப்பை நம்பியே உயிர் வாழ்வது. மண்ணெண்ணெயின் வறட்சியில் அது தேய்ந்து போகும். தாவர எண்ணெயைக் கலந்து ஓட்டியதற்கு நியாயம் இதுவே. மெனிபோல்ட் வெடித்தாலோ தொல்லை பெரிது. வார்ப்பிரும்பைச் சூடேற்றாமல் ஒட்டினால் ஒட்டிய இடத்தின் அருகிலேயே மறுபடி வெடிக்கும். மெதுவாகச் சூடேற்றி, ஒட்டி, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். பொறுமையைத் தவிர வேறெதுவும் மலிவாகக் கிடைக்காத காலம் அது.

இதனை வீரகாவியமாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. மண்ணெண்ணெய் ஏழையின் விளக்கு. மின்சாரம் இல்லாத வன்னியில் பிள்ளைகள் அந்த வெளிச்சத்திலேதான் படித்தார்கள். வண்டிக்கு ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் ஏதோ ஒரு குடிசையின் இரவு. தடை விதித்த அரசு மக்களைப் பட்டினியின் விளிம்பில் நிறுத்தியது. உள்ளே ஆண்ட இயக்கமோ வந்த பொருளுக்கும் வரி அறவிட்டது. இரண்டின் சுமையும் வாங்கியவன் முதுகில்தான் ஏறியது. போர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பின், 2022 ஆகஸ்டில், மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டபோதும் தோட்டக்காரனும் கடற்றொழிலாளியுமே முதலில் அடிபட்டார்கள்.

1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் பெயர்ந்த மக்கள் வெள்ளத்தில் ஒரு பகுதி வன்னிக்கு வந்தது. வந்தவர்களோடு தொழிலும் வந்தது. 2002இல் போர்நிறுத்தம் உண்டாகி, கண்டி வீதி திறந்தபின் எண்ணெய் தாராளமாக வந்தது. மண்ணெண்ணெய் வித்தைக்குத் தேவை குறைந்தது. அதை எவரும் எழுதிவைக்கவில்லை.

2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்ததும் மக்கள் அதே பரந்தன் வீதியால் கிழக்கே தள்ளப்பட்டனர். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஊர் ஊராக, லொறியிலும் உழவு இயந்திரத்திலும் கூரைத் தகரமும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு நகர்ந்தனர். அம்மாத இறுதியில் விசுவமடுவும் படையினர் வசமாயிற்று. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது அந்த வண்டிகளில் ஆயிரக்கணக்கானவை எரிந்தும் கவிழ்ந்தும் கிடந்தன. அவை பின்னர் வீதியோரங்களிலும் வெளிகளிலும் மலைமலையாகக் குவிக்கப்பட்டுத் துருவேறின. எஞ்சினும் மெனிபோல்டும் புகைக்குழாயும் பழைய இரும்பாகி, நிறுவையில் கிலோக் கணக்கில் விலைபோயின.