முத்தநாதன் வந்த வழி

வேடத்தைக் காட்டிப் பிறர் பொருளைக் கவர்தல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், மேனியெங்கும் நீறு பூசி, ஆகமம் கொணர்ந்ததாகச் சொல்லி, புத்தகக் கட்டினுள்ளே ஆயுதத்தை மறைத்து அரண்மனை புகுந்ததை நாம் அறிவோம். காவலனாகிய தத்தன் ஒருவனே அவன்மேற் கண்வைத்திருந்தான்.

மின்னஞ்சற் களவும் அவ்வழியே செல்வது. 2015 இல் பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர் சிலருக்கு, வேலை தேடுவோன் ஒருவனின் பணிவான கடிதம் வந்தது. அவனது தகைமை விவரத்தைத் திறக்க முயன்றபோது கள்ளர் கணினிக்குள் நுழைந்தனர். பல மாதம் பதுங்கியிருந்து, 2016 பெப்ரவரியில், வார விடுமுறைக்கு முந்திய இரவில், அவ்வங்கியின் பெயராலேயே நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க மத்திய வங்கிக்கு 35 கட்டளைகள் விடுத்தனர். கேட்ட தொகை ஏறக்குறைய 95 கோடி டொலர். அதில் 8 கோடியே 10 இலட்சம் பிலிப்பைன்ஸ் சென்றது. அதிற் பெரும்பகுதி சூதாட்ட மண்டபங்களிற் கரைந்தது. 2 கோடி நம் இலங்கைக்கே வந்தது! பெறும் நிறுவனத்தின் பெயரில் ‘பவுண்டேஷன்’ என்னுஞ் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததை இடைநின்ற ஜெர்மன் வங்கி கண்டு வினவிற்று, பணம் மீண்டது. எழுத்துக்கூட்டத் தெரிந்த கள்ளராயிருந்தால் யாது நேர்ந்திருக்கும்?

கல்முனையில் தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அடுப்பெரிவது பல இடங்களில் கட்டாரிலும் சவூதியிலும் உழைப்போர் வங்கிக்கு அனுப்பும் பணத்தினாலேயே. அஞ்சல் திணைக்களத்தின் பெயரால், பொதி வந்துள்ளது, சிறு கட்டணம் செலுத்துக என்று பொய்ச் செய்திகள் வருகின்றன. கேட்பது சில ரூபா. கவர்வது அட்டை இலக்கம். இதில் அகப்பட்ட முதியோரைப் பார்த்து இளைஞர் நகைப்பது தகாது. நாயனார் அறிவிலியா? திருவேடத்தை மதித்தல் அவர் பண்பு. அப்பண்பே கள்ளனுக்கு வாயிலாயிற்று.

ஆயினும் திருவெண்ணெய்நல்லூரில் வேறோர் அவை கூடியது. சுந்தரரை அடிமையென்று ஓலை காட்டிய முதியவர் இறைவனேயாயினும், அவையத்தார் அவ்வோலையை அப்படியே நம்பினாரல்லர். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பளித்தனர். காப்பிலிருந்து வருவித்தமையே கவனிக்கத்தக்கது. வழக்காடுவோர் தந்த ஓலையைக் கொண்டே அவர் வழக்கைச் சோதித்தல் சோதனையாகாது. ஐயமுற்றவர்களும் வந்த செய்தியிலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கே அழைத்து, ‘இது வங்கிதானா?’ என்று கேட்கின்றனர். மறுமுனையில் முத்தநாதனே ‘ஆம்’ என்கிறான். வங்கியின் மெய்யான இலக்கமோ பெரும்பாலும் அவர்கள் மடியிலிருக்கும் அட்டையின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.