பரோலோவின் ஆண்டும் கொத்மலையின் மாதமும்

இத்தாலியின் பியெமொந்தே பகுதியில் நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து வடிக்கப்படும் பரோலோ வைனை வாங்குபவர் முதலில் கேட்பது ஆண்டைத்தான். அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில், அது கிடந்தாக வேண்டும் என்பது விதி. விதி முடிந்த பிறகும் அவசரப்பட்டுத் திறப்பதில்லை. நல்ல ஆண்டின் பரோலோ பதமாகப் பத்து ஆண்டாவது ஆகும். 1989, 1996, 2010 போன்ற பேர்பெற்ற ஆண்டுகளின் வைன் அதற்கு மேலும் தாங்கும். நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு போத்தலுக்குள் இளக வேண்டும். அதற்காகத்தான் இத்தனை காத்திருப்பு.

இலங்கை மலைநாட்டின் கொத்மலைத் தேயிலைக்கும் துவர்ப்புத்தான் முதல். ஆனால் பரோலோ பல்லாண்டு எடுத்துக்கொள்ளும் பக்குவம் இங்கே இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிகிறது. உருட்டிய கொழுந்து காற்றுப்பட்டுப் புளிக்கும்போது அதன் துவர்ப்புப் பொருள்கள் ஒன்றோடொன்று இணைந்து, சாயத்துக்கும் சுறுசுறுப்பான சுவைக்கும் காரணமான தியாபிளேவினாகவும் தியாருபிஜினாகவும் மாறுகின்றன. டீமேக்கர் ஒரு பிடி அள்ளி முகர்கிறார். பச்சை வாடை விலகிப் பழவாசம் எழுந்து, இலையில் செம்பு நிறம் ஏறியதும் அடுப்புக்கு அனுப்பச் சொல்கிறார். கால்மணி நேரம் பிந்தினாலும் கோப்பையில் தெரிந்துவிடும். ஈரம் நூற்றுக்கு மூன்று அளவுக்கு வற்றியதும் பக்குவம் அங்கேயே நின்றுவிடுகிறது. அதன்பின் வைத்திருக்க வைத்திருக்கத் தேயிலை ஈரம் இழுக்கும், தியாபிளேவின் குறையும், சுவை சப்பென்றாகும்.

எனவே தேயிலையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது எந்த மாதத்துக் கொழுந்து என்பதே. சந்தை இதைப் பொதியில் சொல்வதில்லை. அது சொல்வதெல்லாம் உயரம்: 2000 அடி வரை தாழ்நிலம், 4000 அடி வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம். 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்து றம்பொடைப் பக்கம் ஏறினால் ஒரே பள்ளத்தாக்கில் இடைநிலமும் உயர்நிலமும் வந்துவிடுகின்றன. உயரம் முக்கியந்தான், மறுக்கவில்லை. ஆனால் மலை ஆண்டு முழுவதும் அதே உயரத்தில்தான் நிற்கிறது. கோப்பையில் உள்ளதோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

கொத்மலை அமைந்த மேற்குச் சரிவுகளில் தை, மாசியில் பகல் வறண்டு, இரவு குளிர்ந்து, கொழுந்து மெதுவாக வளர்கிறது. மணப்பொருள்கள் செறிவது அப்போதுதான். சனவரி முதல் மார்ச் வரையான இந்தக் காலமே இப்பக்கத்தின் தரக்காலம். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் கொழுந்து குவியும், மணம் மெலியும். மலைக்கு அப்பால் ஊவாவில் நிலை தலைகீழ்: அதே பருவத்தின் காற்று மழையை இந்தப் பக்கம் கொட்டிவிட்டு வறண்ட கச்சானாக இறங்கும் சூலை முதல் செப்தெம்பர் வரைதான் அங்கே தரக்காலம். கொழும்பு ஏலத்தில் வாங்குவோருக்கு இது பழைய செய்தி; தரக்காலத் தேயிலைக்கு விலை ஏற்றியும் கொடுக்கிறார்கள். பிறகு கலவையில் மாதம் கரைந்துபோகிறது.

இந்த மறைப்பின் சுமை முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையில் விழுகிறது என்பதே என் வாதம். தேயிலை மிக நன்றாக இருக்கும் வாரங்களில்தான் அவள் கூடை நிறைவதில்லை. காலைப் பனியில் விறைத்த விரலோடு நிரை முழுக்கத் தேடினாலும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிடைப்பது கொஞ்சம். தராசுக்கு வாசம் தெரியாது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்ந்த பின்னும், குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. ஏலத்தில் விலை ஏறும் அதே கொழுந்துக்காக அவளுக்குப் பாதிச் சம்பளம்! இதைக் கணக்கு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மாதத்தைப் பொதியில் அச்சிடுவதும், முழுப்பேருக்குரிய கிலோவைத் தை மாதத்துக்கும் மழைமாதத்துக்கும் வெவ்வேறாக வைப்பதும் ஒரே சீர்திருத்தத்தின் இரு பாதி. இதற்குப் புதிய ஆய்வுகூடம் தேவையில்லை. எந்த மலையில், எந்த நாளில், யார் எத்தனை கிலோ பறித்தார் என்பது ஒவ்வொரு தோட்டத்துச் செக்றோல் பதிவேட்டிலும் அன்றாடம் எழுதப்பட்டு வருகிறது.