தூண்டிலும் கம்பிச்சடக்கும்

சென்ற விடுமுறை நாளொன்றில் நண்பர் மூவருடன் பேராக் மாநிலத்துக் கோல செபெத்தாங் கழிமுகத்திற்குத் தூண்டில் போடச் சென்றிருந்தோம். ஜெட்டியின் இரு மருங்கும் கண்டற்காடு. மலாய் மக்கள் பாக்காவ் என வழங்கும் இம் மரங்களின் வேர்ச் சந்துகளில் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்குகின்றது. ஏறும் நீருடன் காட்டினுள் புகும் கொடுவாவும் கெளுத்தியும், நீர் வற்றத் தொடங்கியதும் இறாலைத் தொடர்ந்து ஆற்று வாய்க்கு வரும். அவ்வேளை அறிந்து, உயிருள்ள இறாலைக் கோத்துப் போடுவோனுக்கே மீன் கிட்டும்.

நீர் திரும்பும் வரையில் காத்திருந்த பொழுது, இளைய நண்பர் ஒருவர், “அண்ணே, இவ்வூருக்கு முன்பு போர்ட் வெல்டு என்று பெயராமே, யார் அந்த வெல்டு?” என்று வினவினார்.

சர் பிரெடரிக் வெல்டு என்பார் 1880 முதல் 1887 வரை நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராய் இருந்தவர். அக்காலத்தில் லாரூட் வட்டாரம் வெள்ளீயத்தால் செழித்திருந்தது. தைப்பிங்கில் தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொணர வழி வேண்டும். அதன் பொருட்டே தைப்பிங்கிலிருந்து இக் கழிமுகம் வரை ஏறக்குறைய எட்டு மைல் நீளத்திற்கு இருப்புப்பாதை இடப்பட்டது. 1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் திறக்கப்பட்ட அதுவே மலாயாவின் முதல் ரயில் பாதையாகும்.

அதனை இட்டவர் யாவர்? இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட பயனியர் படையின் இரு பிரிவினர். அவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பலர். கொசு வாயிலாக மலேரியா பரவுகின்றதெனும் உண்மைக்கு ரொனால்டு ராஸ் 1897-லேதான் வழி கண்டார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, காய்ச்சலின் காரணம் இன்னதென்று அறியாமலே, நம்மவர் இக் கண்டற்சேற்றில் நின்று மண் சுமந்தனர், கட்டை அடுக்கினர், தண்டவாளம் தூக்கினர். நம் பாட்டிமார் கம்பிச்சடக்கு என்று சொல்லிய சொல்லின் பின்னே இத்தனை உழைப்பு உள்ளது!

1903-ல் பிறை முதல் சிரம்பான் வரை ரயில் தொடர்ந்தபின், ஈயத்திற்கு வேறு வழி பிறந்தது. இத் துறையின் பெருமை குன்றியது. இன்று தண்டவாளமும் இல்லை, ரயிலும் இல்லை. பயணச்சீட்டுக் கொடுத்த சிறு கூடமும், ஊர்ப்பெயர்ப் பலகையுமே எஞ்சி நிற்கின்றன. ஊரும் கவர்னரின் பெயரைக் களைந்து தன் பழம் பெயரைப் பூண்டுகொண்டது.

அன்று மாலை இரண்டு கெளுத்தியும் ஒரு கொடுவாவுமாகத் திரும்புகையில் அப் பலகையின் முன் நின்றோம். ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றுடன் தமிழும் அதில் எழுதப்பட்டுள்ளது. இளையவர் அதனை எழுத்துக் கூட்டிப் படித்தார். பின்னர் மெல்ல, “என் தாத்தாவின் தகப்பனார் கம்பிச்சடக்கில் வேலை செய்தவராம், அவர் பெயர் எனக்குத் தெரியாது” என்றார்.

அன்பர்களே! கவர்னரின் பெயரைச் சரித்திர நூல் காக்கும். சேற்றில் நின்றவன் பெயரைக் காப்பவர் யார்? அவன் பேரன் காவாவிடில் வேறெவரும் காவார். தோட்டத்திலாயினும் பட்டணத்திலாயினும் நம் வீட்டு முதியோர் நினைவே நமது ஏடு. அவர் கண் மூடினால் அவ்வேடும் மூடிவிடும்.

அன்றிரவே அந் நண்பர் தம் அத்தையாரிடம் கேட்டுப் பாட்டனாரின் பெயரைக் குறித்துக்கொண்டார். நாமும் இவ்வாரமே நம் முதியோரை அணுகி, முன்னோர் பெயர், பிறந்த ஊர், கப்பலேறிய காலம், செய்த வேலை ஆகிய நான்கினையும் கேட்டு எழுதி வைப்போமாக.