வள்ளியும் வேலனும் விடிய விடிய

கோட்டக்குப்பம் பக்கத்து நண்பர்களுக்குக் கருவடிக்குப்பம் மயானம் தெரிந்திருக்கும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி அங்கேதான் இருக்கிறது. அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' நாடகத்தை, மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பங்குனித் திருவிழாவில், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தேன்.

ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். வேலன் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் வேறு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பே. (என்ஜினீயர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சங்கதி!) ஆனாலும் வண்டி ஓடுகிறது. காரணம், சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். மீதி அவரவர் சாமர்த்தியம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வாதாடுகிறார்; வேலன் வேடனாகிக் கெஞ்சுகிறான், கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான். அவளோ சளைக்காமல் வெட்டிப் பேசுகிறாள். பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. கடைசியில் அண்ணன் யானையாக வந்துதான் காரியம் முடிகிறது!

வெறும் காதல் கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். இதே நாடகத்தில் ஆங்கிலேயரை வெள்ளைக் கொக்காக்கிப் பாடினார் தியாகி விஸ்வநாததாஸ். பலமுறை சிறை சென்றார். 1940-இல் சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பாடம் கேட்ட பிள்ளைகள். வள்ளிக்கு அத்தனை வாய் கொடுத்தவர், கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 13-11-1922 அன்று புதுச்சேரியில் காலமானார். நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் சமாதியில் கூடுகிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.