கதிரியக்கக் குறியிட்ட நோயெதிர்ப்புச் செல்களைப் படம்பிடித்தல்

நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளணுக்களில் சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஏற்றி, அவற்றை மீண்டும் அவர் உடலில் செலுத்தி, அவை சென்று சேரும் இடங்களைக் காமா கேமரா, பெட் ஸ்கேனர் முதலிய கருவிகளால் கண்டறியும் முறை அணுக்கரு மருத்துவத்தைச் சேர்ந்தது. மறைவான தொற்றுகளைக் கண்டுபிடிக்கவும், செல் சிகிச்சையில் செலுத்திய செல்கள் எங்கே போகின்றன என்று ஆராயவும் இது பயன்படுகிறது.

குறியிடும் பொருள்கள்

1970களின் நடுவில் மேத்யூ தாக்கூரும் உடன் ஆய்வாளர்களும் இண்டியம்-111ஐ ஆக்சினுடன் சேர்த்து வெள்ளணுக்களில் ஏற்றும் முறையை உருவாக்கினர். இந்தச் சேர்மம் கொழுப்பில் கரைவதால் செல் சவ்வை எளிதில் கடக்கும். உள்ளே சென்றதும் இண்டியம் பிரிந்து புரதங்களில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சின் வெளியேறிவிடும். 1986இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக் குழுவினர் டெக்னீசியம்-99எம் ஏற்றிய எச்எம்பிஏஓ என்ற சேர்மத்தை வெள்ளணுக்களுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். இண்டியத்தின் அரை ஆயுள் 2.8 நாள், டெக்னீசியத்துக்கு 6 மணி நேரம். டெக்னீசியம் எளிதில் கிடைக்கும், படமும் தெளிவாக இருக்கும். ஆனால் அது சில மணி நேரத்தில் குடலுக்குள் கசிவதால், வயிற்றுப் பகுதியை முன்கூட்டியே படமெடுக்க வேண்டும். இண்டியத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

செய்முறை

உறையாமை மருந்து கலந்த ஊசிக்குழலில் ஏறத்தாழ 40 முதல் 50 மி.லி. இரத்தம் எடுக்கப்படுகிறது. மாவுப்பொருள் கரைசல் ஒன்றைச் சேர்த்துக் குழலை நிமிர்த்தி வைத்தால், சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். வெள்ளணுக்கள் மிதக்கும் மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். அதை மையவிலக்கியில் மெதுவாகச் சுழற்றினால் வெள்ளணுக்கள் படிந்து, தட்டணுக்களில் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். பின் கதிரியக்கப் பொருளைச் சேர்த்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, செல்லில் ஏறாத மிச்சத்தைக் கழுவி நீக்கி, நோயாளிக்குத் திரும்பச் செலுத்துவர். கையாளும்போது செல்கள் கட்டியாகத் திரண்டுவிட்டால் அவை நுரையீரல் நுண்குழாய்களில் சிக்கி, இல்லாத நோயைப் படத்தில் காட்டும். ஒருவர் இரத்தம் மற்றவருக்குப் போய்விடாதபடி ஒவ்வொரு கட்டத்திலும் அடையாளம் சரிபார்க்கப்படும்.

படமும் பொருளும்

செலுத்தியதும் செல்கள் முதலில் நுரையீரலில் தங்கி, பிறகு மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றுக்கு நகரும். டெக்னீசியமாயின் ஒரு மணி நேரத்துக்குள்ளும், 3–4 மணி நேரத்திலும், மறுநாளும் படமெடுப்பது வழக்கம். தொற்றுள்ள இடத்தில் ஒளிர்வு நேரம் செல்லச் செல்லக் கூடும். மஜ்ஜையில் அப்படியே நிற்கும் அல்லது குறையும். செயற்கை இடுப்பு, முழங்கால் மூட்டுகளின் தொற்று, நீரிழிவுப் பாதம், செயற்கை இரத்தக்குழாயில் தொற்று ஆகியவற்றில் இந்த வேறுபாடே முடிவைத் தருகிறது. ஐயம் நீடித்தால் மஜ்ஜைக்குச் செல்லும் கந்தகக் கூழ்மத்தைக் கொண்டு இன்னொரு படம் எடுப்பர். வெள்ளணு சேர்ந்து, கூழ்மம் சேராத இடம் தொற்றுக்குரியது. முதுகெலும்புத் தொற்றில் மட்டும் இம்முறை பலமுறை ஏமாற்றும். நோயுற்ற எலும்பு ஒளிராமல் வெறுமையாகவே தெரியலாம்.

செல் சிகிச்சையில்

1989இல் மெலனோமா நோயாளிகளுக்கு, அவர்களின் கட்டியிலிருந்தே எடுத்து வளர்த்த லிம்போசைட்டுகளை இண்டியம்-111 ஏற்றிச் செலுத்தியபோது, அவை கட்டிகளில் சேர்வது படத்தில் தெரிந்தது. 2005இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள், தடுப்பூசியாகப் பயன்படும் டென்ட்ரிடிக் செல்களில் இண்டியத்தையும் இரும்பு ஆக்சைடையும் ஏற்றினர். அல்ட்ராசவுண்டின் துணையோடு நிணநீர்க் கணுவுக்குள் ஊசி போட்டும், எட்டுப் பேரில் நால்வருக்குச் செல்கள் குறி தவறியிருந்ததை, இரும்பு ஆக்சைடைக் காணும் எம்ஆர்ஐ காட்டியது. காமா கேமராவால் அதைக் காட்ட முடியவில்லை. நுணுக்கமான படத்துக்காக, 78 மணி நேர அரை ஆயுள் கொண்ட சிர்கோனியம்-89ஐ ஏற்றிப் பெட் ஸ்கேனில் பார்க்கும் முறையும் ஆராயப்படுகிறது.

வரம்புகள்

கருவி காண்பது கதிரியக்கத்தைத்தான், செல்லை அல்ல. செல் இறந்து, அதன் எச்சத்தை வேறொரு செல் விழுங்கினாலும் படத்தில் புள்ளி அப்படியே இருக்கும். செல் பெருகும்போது ஏற்றிய குறி பங்கிடப்பட்டு மங்கும். லிம்போசைட்டுகள் கதிர்வீச்சால் எளிதில் சேதமடைவதால் ஏற்றும் அளவும் குறைவாக இருக்க வேண்டும். இவற்றுக்கு மாற்றாக, செல்லுக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்து, அது உருவாக்கும் நொதி பிடித்து வைக்கும் கதிரியக்கப் பொருளைப் பின்னர் ஊசி வழியாகக் கொடுத்துப் படமெடுக்கலாம். மூளைக் கட்டி நோயாளி ஒருவரிடம் இம்முறையில் எடுத்த பெட் படங்கள் 2009இல் வெளியாயின. உயிருள்ள செல்லே இந்நொதியை உருவாக்கும். செல் பிரிந்தால் மரபணுவும் சேர்ந்து பெருகும். ஆனால் அந்த மரபணு வைரசிலிருந்து பெறப்பட்டதானால் உடல் அதையே எதிர்க்கக்கூடும்.